எடை இல்லாத ஒன்றுக்கு வைத்த பந்தயம்

போன மாதம் நம் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? 'உங்களுக்குத் தெரியுமா?' என்று ஆரம்பிக்கிற ரகம். தேன் எத்தனை காலமானாலும் கெடாது, ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று வரிசையாகப் போய், கடைசியில் நியூட்ரினோ என்றொரு துகளைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். வானத்திலிருந்து கோடிக்கணக்கில் வருகிறதாம். ஒவ்வொரு நொடியும் நம் உடம்புக்குள் நுழைந்து மறுபக்கமாகப் போய்விடுகிறதாம். நமக்கு ஒன்றும் தெரிவதில்லையாம். நீங்கள் வழக்கம்போல் ஆளுக்கொரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டீர்கள். ஒருத்தி மட்டும் ரோஜாப்பூ போட்டு குட்மார்னிங் சொல்லியிருந்தாள்.

எனக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தச் செய்தியின் கடைசி வரியால், நான் பாவாடை சட்டை போட்டிருந்த காலத்துப் பந்தயம் ஒன்று எங்கள் வீட்டில் தீர்ந்தது. குழுவில் இவ்வளவு நீளமாக எழுதினால் பாதிப் பேர் படிக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். அதனால்தான் தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு தங்க வயலில் ஸ்கெலட்டன் என்கிற பகுதியில், கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடு. ஊர்ப்பெயரைச் சொன்னதும் வெளியூர்க்காரர்கள் முகம் போகிற போக்கு உங்களுக்கும் பழக்கம்தான். அப்பா வைண்டர். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கேஜ் இருக்கிறதே, அதன் கயிற்றைச் சுற்றுகிற பெரிய இன்ஜினை ஓட்டுபவர். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான என் அத்தை. அம்மாவின் தம்பி, என் மாமா, இரண்டு லைன் தள்ளி சிநேகிதர்களோடு தங்கியிருந்தார். படுக்கை அங்கே, சாப்பாடு எங்கள் வீட்டில்.

மாமாவுக்குச் சாப்பிடும்போது ஏதாவது ஒரு அதிசயத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் களி தொண்டையில் இறங்காது. பெங்களூருக்கு முன்னாடியே நம்ம ஊருக்கு கரண்ட் வந்துச்சி தெரியுமா என்பார். அப்பா தலையைத் தூக்காமல் "புருடா" என்பார். எங்கள் வீட்டில் மாமா சொல்வதெல்லாம் புருடாதான். ஆனால் அந்தக் கரண்ட் விஷயத்தை அப்பா வேலையிடத்தில் பெரியவர்களிடம் விசாரித்திருக்கிறார். நிஜம் என்று தெரிந்ததும் இரண்டு நாள் மாமாவோடு பேசவில்லை. சுரங்கத்தின் கடைசித் தளமான அடி லெவலில் பாறைமேல் கைவைத்தால் சுடும் என்பதையும், ஒரு வண்டிக் கல்லை இடித்தால் ஒரு சிட்டிகைத் தங்கம்தான் என்பதையும் அப்பா ஒப்புக்கொள்வார். தங்க வயலில் பிறந்து வளர்ந்த நாம் எத்தனை பேர் கல்லுக்குள் தங்கத்தைப் பார்த்திருக்கிறோம், சொல்லுங்கள். நான் பார்த்ததே இல்லை.

அந்த வருஷப் பனிக்காலத்தில் மாமா வேலை மாறினார். கீழே மரம் முட்டுக்கொடுக்கிற கும்பலில் இருந்தவர், பம்பாயிலிருந்து வந்த சயின்ஸ்காரர்களுக்கு உதவியாளாகப் போனார். எல்லோரும் பயப்படுகிற அந்த ஆழமான லெவல்களில் ஒன்றில் அவர்கள் ஒரு அறை எடுத்து, கண்ணாடிக் குழாய்களை அடுக்கி, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். வானத்திலிருந்து வருகிற ஒன்றைப் பிடிக்க.

அன்றைக்கு அப்பா சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"வானத்துல இருந்து வர்றத புடிக்கணும்னா மொட்டமாடில போய் நில்லுடா. பூமிக்கு அடியில போய் உக்காந்துகினா?"

"அதான் மாமா விசயமே. மேல நின்னா கண்டது கடியது எல்லாம் வந்து வுழும். அத்தினி பாறயும் தாண்டி கீழ வர்ற சக்தி இது ஒண்ணுக்குத்தான் கீது. மத்தது எல்லாம் வழியிலயே நின்னுடும். மேல கீற பாறய சல்லடன்னு வெச்சிக்குங்க" என்றார் மாமா. அக்கா புருஷன் என்பதால் அப்பாவை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"புருடா" என்றார் அப்பா.

"இன்னும் கேளுங்க. பூமிக்கு அந்தப் பக்கம் வுழறது கூட, பூமிய அப்டியே தொளச்சிகினு நம்ம காலுக்கு அடியில வந்து மேல போவுது."

நான் பயந்துபோய்க் காலைத் தூக்கிக்கொண்டேன். உள்ளே களி கிண்டிக்கொண்டிருந்த அத்தையின் சிரிப்பு கேட்டது. அத்தை மாமாவோடு நேராகப் பேச மாட்டாள். கல்யாணமாகாத பெண், முறைப்பையன் வேறு. எல்லாம் அம்மா வழியாகத்தான்.

"அதுக்கு எட எவ்ளோன்னு கேளுங்க அண்ணி."

"எடையே கெடயாதுன்னு சொல்லுக்கா" என்றார் மாமா.

"எட இல்லாம ஒண்ணு இருக்குமா? பூண்டுத் தோலுக்கே எட கீது."

"பம்பாய்க்காரரே சொன்னாரு. பெரிய படிப்பு படிச்சவரு."

"அவரு தராசு சரியில்லன்னு சொல்லுங்க அண்ணி. துளியாவது இருக்கும்."

"இல்லவே இல்ல. பந்தயம் கட்டச் சொல்லுக்கா."

"கட்டுறேன். இன்னா பந்தயம்?"

"க்ரீம் பன்னு."

"எதுக்குடா ரெண்டு பேரும் என்ன நடுவுல போட்டு உருட்றீங்க?" என்று அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். ஆனால் அம்மா முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அவளுக்குள் அப்போதே ஒரு கணக்கு ஓடியிருக்க வேண்டும்.

ராபர்ட்சன்பேட்டை பேக்கரியின் க்ரீம் பன் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பனிக்காலத்துக் காலையில் அந்தக் கடை வாசலைத் தாண்டும்போது வருகிற வெண்ணெய் வாசனைக்காகவே சுற்றுவழியில் பள்ளிக்கூடம் போனவர்கள் நாம். இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. அதைத் தாண்டும்போது இன்றைக்கும் என் மூக்கு தேடுகிறது, வெட்கமே இல்லாமல்.

அதற்குப் பிறகு அது தினசரி வழக்கமாகிவிட்டது. ஷிப்ட் முடிந்து மாமா வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து அத்தை குரல் வரும். "மாட்டிச்சான்னு கேளுங்க அண்ணி." மாமா சொல்வார், "இல்லன்னு சொல்லுக்கா." மாதக்கணக்கில் அப்படியே போனது. அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. தூண்டில் போட்டுகினு உக்காந்து கீறான், மீனே இல்லாத கொளத்துல என்பார். அத்தை மட்டும் சிரிப்பதில்லை. ஒருநாள் குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருக்க, அவள் உள்ளங்கையை வெயிலில் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இன்னா அத்த பாக்கற?" என்றேன். "எத்தினி போவுதோன்னு பாக்கறேன்டி" என்றாள். நானும் பக்கத்தில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். தங்கம் பிரித்தபின் கொட்டிவைத்த கல்மாவு, அந்தச் சயனைடு மேட்டிலிருந்து காற்றில் வந்த சாம்பல் நிறத் தூசிதான் என் கையில் ஒட்டியது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். பூமி நடுங்கினால் மற்ற ஊர்க்காரர்கள் வீட்டைவிட்டு வெட்டவெளிக்கு ஓடுவார்கள். நாம் எங்கே ஓடுவோம்? ஷாப்டுக்கு, கேஜ் இறங்குகிற குழிவாய்க்கு. கீழே பாறை வெடித்தால் நம் அலமாரியில் பாத்திரம் ஆடும். சத்தத்தை வைத்தே நம் அம்மாக்கள் எந்தப் பக்கம் என்று சொல்வார்கள். அன்று காலையில் அடுக்கியிருந்த பித்தளைச் சொம்புகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி, மேலே இருந்த டம்ளர் உருண்டு என் காலடியில் விழுந்தது. அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அத்தை எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டாள், செருப்புகூட இல்லாமல்.

ஷாப்ட் கேட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் எழுதிவைத்ததில்லை. கம்பி வேலியை ஒட்டி நிற்பவர்கள், அந்த ஷிப்டில் தங்கள் ஆள் இறங்கியிருக்கிற பெண்கள். மற்றவர்கள் பின்னால் நிற்க வேண்டும். கல்யாணமாகாத பெண்கள் வரவே கூடாது. உள்ளே இருக்கிற ஆபீஸ்காரர் வேலிப்பக்கம் வந்து "யாரு ஆளு?" என்று கேட்பார். புருஷன் பெயரைச் சொல்கிற வழக்கம்தான் நம் பெண்களிடம் கிடையாதே. அதனால் அவர்கள் டோக்கன் நம்பரைச் சொல்வார்கள். மைன்ஸில் வேலை பார்க்கிற ஒவ்வொருவருக்கும் பித்தளையில் வட்டமாக ஒரு டோக்கன் உண்டு, அதில் குத்தியிருக்கும் நம்பர். படிக்கத் தெரியாத பெண்கூட அந்த நம்பரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். தாலிக்கு அடுத்தது அதுதான்.

நாங்கள் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் வரிசையில் நின்றிருந்தாள். அவளுடைய அண்ணன், என் அப்பா, மேலே வைண்டிங் இன்ஜினில் இருந்தார். கீழே அவளுக்கென்று யாரும் இல்லை. ஆபீஸ்காரர் வந்தார். "யாரு ஆளு?" ஒவ்வொருத்தியாக நம்பரைச் சொன்னார்கள். அத்தை முறை வந்தது. அவள் மாமாவின் நம்பரைச் சொன்னாள். தயங்காமல், உரக்க, எல்லோருக்கும் கேட்கும்படி.

பின்னால் நின்றிருந்த பெண்கள் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அத்தை பக்கத்தில் நின்று, "என் தம்பிதான், என் தம்பிதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எதை மூடி மறைக்கிறாள் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

வெடித்தது வேறு பக்கம், ஆள் இல்லாத இடம். கேஜ் மேலே வந்தது. மாமா இறங்கினார். முகமெல்லாம் புழுதி, பல் மட்டும் தெரிந்தது. வேலியை நோக்கி ஓடிவந்தார். அம்மாவை நடுவில் போடாமல் அவர் அத்தையிடம் நேராகப் பேசி அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

"ஒண்ணு மாட்டிச்சி" என்றார். "வெடி சத்தத்துக்கு முன்னாடி. குழாயெல்லாம் செவப்பா மின்னிச்சி, ஒரே கோடா. மேலருந்து இல்ல, சைடுல வந்துச்சி. மேலருந்துன்னா வேற எதுனா இருக்கும். என் கண்ணால பாத்தேன்."

அத்தை கம்பிமேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். அது அதுதானா என்று பம்பாய்க்காரர்கள்தான் பிறகு பார்த்துச் சொல்ல வேண்டும் என்று மாமா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். யார் கேட்டார்கள்?

அத்தை நம்பர் சொன்ன செய்தி, அப்பா வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவரிடம் போய்விட்டது. அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள். "மொறதான கீது. என் தம்பிக்கே குடுத்துட்டா இன்னா?"

அப்பா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"கீழருந்து ஏத்தச் சொல்லி அடிப்பானுங்க, ஆளுன்னா ஒரு பெல்லு. கல்லுன்னா ஒரு பெல்லு. அடிபட்டவன்னா வேற பெல்லு. அந்த பெல்லு அடிக்கும்போது யாரு ஆளுன்னு தெரியாமத்தான் ஏத்தறேன். நானே கவுறு வுட்டு எறக்கறவனுக்கு என் தங்கச்சிய குடுத்துட்டு, நாளைக்கு அந்த பெல்லு அவனுக்கு அடிச்சா? நான்தான ஏத்தணும்? சொல்லு, ஏத்துவனா?"

அத்தை உள்ளே, காலையில் கலைந்த சொம்புகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மேல் வேலைக்கு வரச் சொல்லு, தரேன்" என்றார் அப்பா. மாமா போய்க் கேட்டார். பம்பாய்க்காரர்களிடம் போனவனுக்கு மேலே இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் இன்னொரு தடவை கேட்பதற்குள் அப்பா மாப்பிள்ளை பார்த்துவிட்டார். மேல் வேலை. கல்லை மாவாக இடிக்கிற மில்லில். "தெனம் வெயில பாக்கறவன்" என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். கல்யாணத்தில் மாமா பந்தி பரிமாறினார். அன்றைக்கு ஒரு அதிசயமும் சொல்லவில்லை. மாமா பேசாமல் இருந்து நான் பார்த்த ஒரே நாள் அது.

மில் மாமா நல்லவர், அதையும் சொல்ல வேண்டும். வரும்போதெல்லாம் எனக்குக் கொய்யாப்பழம் வாங்கிவருவார். புருவம், தலைமுடி, காதுமடல் எல்லாம் வெள்ளையாகத் தூசி படிந்திருக்கும். பவுடர் மாமா என்று கேலி செய்வேன். அவரும் சிரிப்பார், சிரித்து முடிக்கும்போது இருமுவார். அந்தத் தூசி உள்ளே போய் என்ன செய்யும் என்று இன்றைக்கு யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்றைக்கு எங்கள் லைனில் கீழே இருப்பதற்கு மட்டும்தான் பயப்படத் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவருடைய டோக்கன் நம்பரைக் கேட்டார்கள். அத்தை பையைத் துழாவி, அவருடைய பித்தளை டோக்கனை எடுத்துப் பார்த்துத்தான் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் வீடு திரும்பவில்லை. அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, வருவோர் போவோரிடமெல்லாம் "மேலதான குடுத்தேன்? மேலதான குடுத்தேன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாமேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. இப்போது அவருடைய அந்த வயதையும் நான் தாண்டிவிட்டேன். கோபம் போய்விட்டது. பாவம், அவருக்குத் தெரிந்த ஆபத்திலிருந்து அவர் தங்கையைக் காப்பாற்றினார்.

அதற்குள் மாமாவுக்குக் குப்பம் பக்கத்தில் பெண் எடுத்திருந்தார்கள். இத்தனைக்கும் அடி லெவலில் கிடந்த அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. வேலை ஓய்ந்தபின் பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போனார். மாமியும் காலமாகிவிட்டாள். மைன்ஸும் மூடியாயிற்று. ஷிப்ட் சங்கு ஊதுவதும் நின்றது. பாத்திரமும் ஆடுவதில்லை. சில நாள் காலையில் அலமாரி அசையாமல் நிற்பதைப் பார்த்தால் எனக்குத் துக்கமாக இருக்கிறது. இதை வெளியில் சொன்னால் பைத்தியம் என்பார்கள். உங்களிடம் சொல்லலாம்.

அத்தை இப்போது என்னோடுதான் இருக்கிறாள், அதே ஸ்கெலட்டனில். குழுவில் வந்த செய்தியை அவளுக்கு உரக்கப் படித்தேன். கடைசி வரி இதுதான், நீங்கள் யாரும் அதுவரை படித்திருக்க மாட்டீர்கள்: 'இதற்கு எடையே இல்லை என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள், மிகமிகச் சிறிய எடை உண்டு என்று பிறகு கண்டுபிடித்தார்கள்.'

அத்தை முறுக்கை வாயிலிருந்து எடுத்தாள். "இன்னொருக்கா படி." படித்தேன். "அனுப்பு" என்றாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து மாமா வந்தார். காலையில் ஊரே பெங்களூருக்கு ரயிலேறுகிற நேரத்தில் எதிர்த்திசை ரயிலில், காலியான பெட்டியில் தனியாக வந்திருக்கிறார். ஒரு கையில் தடி, ஒரு கையில் அட்டைப்பெட்டி. வாசலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றும்போதே என்னைக் கூப்பிட்டார்.

"தோத்துட்டேன்னு சொல்லு உங்க அத்தைகிட்ட. பேத்திய உட்டு விசாரிச்சேன். நெசந்தான். கீதாம், துளி."

அம்மா இருந்த இடத்தில் இப்போது நான். உள்ளேயிருந்து குரல் வந்தது. "நான் அப்பவே சொன்னன்னு சொல்லு."

பெட்டியைத் திறந்தேன். க்ரீம் பன். பெங்களூர் பேக்கரி. அத்தை ஒன்றை எடுத்துப் பாதியாகப் பிட்டு, ஒரு பாதியை என்னிடம் கொடுத்து வாசல் பக்கம் கண்ணைக் காட்டினாள். கொண்டுபோய் மாமாவிடம் கொடுத்தேன்.

"க்ரீம் கம்மியா கீதுன்னு சொல்லு" என்றாள் அத்தை.

"கெடச்சதே பெருசுன்னு சொல்லு" என்றார் மாமா.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மென்றார்கள். பிறகு அத்தை கேட்டாள், "அது இன்னும் வந்துகினுதான் கீதான்னு கேளு."

"நிக்கவே இல்லன்னு சொல்லு" என்றார் மாமா. "நம்ம ரெண்டு பேரு மேலயும்தான் போய்கினு கீது, இப்பக்கூட."

அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையை ஒரு தடவை பார்த்தாள். மாமா மத்தியான ரயிலுக்குக் கிளம்பிப் போனார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அத்தை சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"போய் சேந்தாச்சான்னு ஒரு போன் போட்டுக் கேளு."

எனக்குக் குறும்பு. இந்த வயதிலும் கிண்டல் போகவில்லை. "யாருக்கு அத்த? பேரச் சொன்னாதான போன் போட முடியும்?"

அத்தை அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுக்கியிருந்த சொம்பு ஒன்றை எடுத்து, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு, அன்றைக்கு வேலியோரத்தில் சொன்ன அந்த டோக்கன் நம்பரைச் சொன்னாள். தயங்காமல், உரக்க.

நான் போனை எடுத்தேன்.